வயது வந்தபின் திருமுழுக்கு: கத்தோலிக்கத் திருச்சபையில் சேர ஆயத்தமாகும் முறை

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை (திருப்பலி) முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், குரு பூசை உடை அணியும் அறையான சக்கிரீஸ்து வாசலில் தயங்கி நிற்கும் ஒருவரைப் பல பங்குகளிலும், அதாவது கோவில் சமூகங்களிலும், அவ்வப்போது காணலாம். "ஃபாதர், நான் ஞானஸ்நானம் எடுக்கணும், எப்ப வரட்டும்?" என்று அவர் கேட்பார். அவர் எதிர்பார்ப்பது ஒரு தேதியை, பங்குத்தந்தையிடமிருந்து வருவதோ "எதற்காக?" என்ற கேள்வி. எங்கள் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் சிஸ்டருக்குத் துணையாகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கேள்விக்குத் தமக்குத்தாமே உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு மற்ற எல்லாம் எளிதாக அமைந்தன, பதிலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு மனப்பாடம் செய்த செபங்கள் எத்தனை இருந்தும் பாதி வழியில் கால் தடுமாறியது.

திருச்சபை கேட்பதும் இதைத்தான். வயது வந்த ஒருவர் ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்கைப் பெற வேண்டுமானால், அதைப் பெறும் விருப்பத்தை அவரே வெளிப்படுத்தியிருக்க வேண்டும், விசுவாசத்தின் உண்மைகளையும் கிறிஸ்தவக் கடமைகளையும் போதிய அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் சிறிது காலம் பழகித் தம்மைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், தம் பாவங்களுக்காக வருந்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 865-ஆம் விதி கூறுகிறது. யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குக் கொண்டுவர யாருக்கும் உரிமை இல்லை என்று 748-ஆம் விதி கூறுகிறது. ஆகவே உங்களை யாராவது அவசரப்படுத்தினால், அல்லது பணமோ வேலையோ பள்ளியில் இடமோ காரணமாகக் காட்டப்பட்டால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். திருமுழுக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரும்பினால் காணிக்கை தரலாம், இல்லாதவருக்கு அருளடையாளம் (திருமுழுக்கு போன்ற திருச்சடங்கு) மறுக்கப்படக் கூடாது.

உங்கள் நிலை எது?

எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வழி அமைகிறது. எந்தச் சபையிலும் திருமுழுக்குப் பெறாதவர், இந்துவாகவோ முஸ்லிமாகவோ மத நம்பிக்கையே இல்லாதவராகவோ இருந்தவர், முழு ஆயத்தத்தையும் மேற்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவருக்கானது.

தென்னிந்தியத் திருச்சபையிலோ லுத்தரன் சபையிலோ ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றப்படாது. தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் தண்ணீரைக் கொண்டு கொடுக்கப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியாகும் என்றே ஏற்கிறது. இவர் தம் சபையிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழைப் பெற்று வந்து, கத்தோலிக்கப் போதனையில் தமக்குப் புதியவற்றைக் கற்று, பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, விசுவாச அறிக்கை சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலும், திருப்பலியில் வழங்கப்படும் அப்பமாகிய நற்கருணையும் பெறுகிறார். இதற்குப் பாஸ்கா (ஈஸ்டர்) வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லித் தண்ணீரில் மூழ்கியவர்கள், யெகோவாவின் சாட்சிகளிடம் மூழ்கியவர்கள் ஆகியோர் நடந்ததை நடந்தபடியே பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். அது செல்லுமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். "ஆற்றில் எடுத்தேன், பாஸ்டர் என்ன சொன்னார் என்று நினைவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது உடன் நின்ற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்பதே வழி.

மூன்றாவது வகையினர், குழந்தையில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, அதன்பின் கோவில் பக்கமே வராதவர்கள். இவர்கள் மதம் மாறுவோர் அல்லர், வீடு திரும்புவோர். முதல் நற்கருணையும் உறுதிப்பூசுதலும் விடுபட்டிருந்தால் அவற்றுக்கான ஆயத்தம் மட்டுமே தேவைப்படும்.

திருமணத்துக்காக என்றால்

வருபவர்களில் பலரைக் கொண்டுவருவது காதல்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. கடவுள் எந்த வாசல் வழியாக அழைத்தாலும் அழைப்பு அழைப்பே. ஆனால் ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சொல்வதில்லை: கத்தோலிக்கரை மணப்பதற்கு நீங்கள் கத்தோலிக்கராக வேண்டிய கட்டாயம் இல்லை. திருமுழுக்குப் பெறாதவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான திருமணத்துக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயரிடமிருந்து விதிவிலக்குப் பெற்று, அதே கோவிலில் முறைப்படி மணம் முடிக்கலாம். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதி மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இந்த வழி இருப்பது தெரிந்த பிறகும் "எனக்குத் திருமுழுக்கு வேண்டும்" என்று சொல்பவருக்கே நாங்கள் வகுப்பைத் தொடங்கினோம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று, மூன்று வாரத்தில் முடித்துத் தாருங்கள் என்று வருவோரிடம் முதலில் விதிவிலக்கை வாங்குங்கள், திருமுழுக்கைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்வதே அவர்களுக்குச் செய்யும் நன்மை.

ஏற்கெனவே மணமானவர் என்றால், உங்கள் திருமண நிலையை முதல் சந்திப்பிலேயே முழுதாகச் சொல்லிவிடுங்கள். முந்தைய திருமணம், மணமுறிவு, பதிவு செய்யாத உறவு எதையும் மறைக்க வேண்டாம். பாஸ்காவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் இது தெரியவந்து எல்லாம் நின்றுபோவது, அந்த ஆளுக்கும் நல்லதில்லை, கற்றுக்கொடுத்தவருக்கும் நல்லதில்லை. தமிழ்த் திருச்சபைக்கு இது புதிய சிக்கலும் அன்று. போர்த்துக்கீசிய இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் திருமுழுக்குக் கொடுத்த மறவர் தலைவர் தடியத்தேவர், தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார்; விலக்கப்பட்டவர்களுள் ஒருவருடைய கோபம் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் அவைக்குப் போய், 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்படுவதில் முடிந்தது.

காலக்கணக்கு

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயது வந்தோருக்கான பழைய ஆயத்தமுறையை மீண்டும் கொண்டுவரச் சொன்னது; அதன்படி 1972-இல் புதிய சடங்குமுறை வெளியிடப்பட்டது. இதில் நான்கு காலங்கள் உண்டு: கேட்டும் விசாரித்தும் தெரிந்துகொள்ளும் காலம், முறையாகக் கற்கும் காலம், பாஸ்காவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் மனத்தைத் தூய்மையாக்கும் காலம், திருமுழுக்குக்குப் பின், பாஸ்காவின் ஐம்பதாம் நாளான பெந்தெகோஸ்து வரை அருளடையாளங்களின் பொருளைச் சுவைத்து உணரும் காலம். ஒரு காலத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது கோவிலில் ஒரு சடங்கு நடக்கும்.

நகரத்தின் பெரிய பங்குகளில் இதற்கென வகுப்பு இருக்கலாம். சிற்றூர்ப் பங்குகளில் பெரும்பாலும் ஒரு சிஸ்டரோ உபதேசியாரோ மாலை நேரத்தில் உங்களுக்காக மட்டும் அமர்ந்து சொல்லித்தருவார். எப்படியிருந்தாலும் ஏறத்தாழ ஓராண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கைப் பாஸ்காவிலிருந்து பின்னோக்கிப் போடுவது எளிது. 2027-இல் பாஸ்கா ஞாயிறு மார்ச் 28. அப்படியானால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிப்ரவரி 14. அந்த ஞாயிற்றில் உங்கள் பெயர் தெரிவு செய்யப்பட வேண்டுமென்றால், முந்தைய கோடை விடுமுறை முடிவதற்குள் பங்குத்தந்தையைப் பார்த்திருக்க வேண்டும். பதினான்கு வயது நிறைந்தவர்களின் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் கடிதப் போக்குவரத்துக்கும் நாள் ஆகும்.

மரண ஆபத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதன்மையான உண்மைகளை ஓரளவு அறிந்து, எவ்வகையிலாவது விருப்பத்தைக் காட்டி, கிறிஸ்தவக் கட்டளைகளைக் கடைப்பிடிப்பதாக வாக்களித்தால் போதும். குரு இல்லாத இடத்தில் யாரும் தண்ணீர் ஊற்றலாம்.

என்னென்ன கற்க வேண்டும்

முதல் மாதம் எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்கு வாருங்கள், பின்வரிசைக்கு முந்தைய வரிசையில் அமருங்கள், எழும்போது எழுந்து, மண்டியிடும்போது மண்டியிட்டுப் பாருங்கள். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றதும் சுற்றியுள்ளவர்கள் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று பதில் சொல்வது நான்காம் வாரத்தில் தானாக உங்கள் வாயிலும் வந்துவிடும். நற்கருணை வழங்கும்போது மட்டும் உங்கள் இடத்திலேயே இருங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பங்கில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. புதிதாக வந்த ஓர் இளைஞர் எல்லாரோடும் வரிசையில் நின்றார். கூட்டத்தில் குரு கவனிக்கவில்லை. கையில் வாங்கிய நற்கருணை அப்பத்தை அவர் மிகுந்த மரியாதையோடு கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கவாட்டு வாசலில் நின்ற சிஸ்டர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டபோது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். பிரசாதம் என்று நினைத்துவிட்டார். அவருடைய பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அப்பம் கிறிஸ்துவின் உடல் என்று திருச்சபை நம்புவதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அதுதான் குறை. அந்த அப்பத்தை வாங்கத் தவக்காலம் வரை, பாஸ்கா வரை ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது அன்று எனக்கே தெளிவானது.

பிறகு செபங்கள். சிலுவை அடையாளம், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ், விசுவாச அறிக்கை, மனத்துயர் செபம், பத்துக் கட்டளைகள், ஏழு அருளடையாளங்கள், திருச்சபையின் கட்டளைகள் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றை ஒரே வாரத்தில் ஒப்பிக்கலாம், பயனில்லை. எங்களிடம் வந்த ஓர் அம்மா, விசுவாச அறிக்கையை எழுதிச் சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டிவைத்து, நாளுக்கு ஒரு வரி என்று கற்றார். "பாதாளத்தில் இறங்கி" என்ற வரிக்கு வந்த நாளில், அதன் பொருள் என்ன என்று கேட்பதற்காகவே வகுப்பில்லாத நாளில் நடந்து வந்தார். கற்பது என்றால் அது.

சொற்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழ்க் கத்தோலிக்கரிடம் இரண்டு தமிழ்கள் உண்டு. வயதானவர்கள் ஞானஸ்நானம், பூசை, பாவசங்கீர்த்தனம், தேவநற்கருணை, அர்ச்சிஷ்டவர் என்பார்கள். புத்தகத்தில் திருமுழுக்கு, திருப்பலி, ஒப்புரவு, நற்கருணை, புனிதர் என்று இருக்கும். பழைய செபங்களில் வரும் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும், விவிலியத்தில் முறையே பேதுருவும் பவுலும் யோவானும்தாம். "ஒருசந்தி" என்றால் நாளுக்கு ஒரே முழு உணவு உண்ணும் நோன்பு; "சுத்தபோசனம்" என்றால் இறைச்சி தவிர்த்தல். புதியவர்கள் ஒரே பொருளுள்ள பழைய சொல்லையும் புதிய சொல்லையும் வேறு வேறு என்று நினைத்துக் குழம்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு குறிப்பேட்டில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விவிலியம் வாங்கும்போது 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே "பரிசுத்த வேதாகமம்" இருந்தால் அதில் 66 நூல்களே இருக்கும். கத்தோலிக்கப் பதிப்பில் 73. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர் லேவியராகமத்தில் நின்றுவிடுவார். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள்; அது பதினாறே அதிகாரங்கள். அடுத்து லூக்காவும் திருத்தூதர் பணிகளும். போதனையில் ஐயம் வந்தால் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே இறுதி ஆதாரம். வாட்ஸாப்பில் வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

வாழ்வில் மாற வேண்டியவை, மாற வேண்டாதவை

கடினமான பகுதி இதுதான். ஜாதகம், ராகுகாலம், நாள் நட்சத்திரம், குறி கேட்பது, கட்டிய கயிறு ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். எதிர்காலத்தைக் கடவுளின் கையில் ஒப்படைப்பதற்கு இவை எதிரானவை என்பது திருச்சபையின் தெளிவான போதனை. பிறந்ததிலிருந்து ராகுகாலம் பார்த்து வாசல் தாண்டியவருக்கு இது சுலபமில்லை. முதல் முறை ராகுகாலத்தில் வேண்டுமென்றே பயணம் கிளம்பிய நாளில் கை நடுங்கியது என்று ஒருவர் சொன்னார். அவரை யாரும் கேலி செய்யவில்லை, ஏனெனில் பரம்பரைக் கிறிஸ்தவர்களிலும் ரகசியமாக நேரம் பார்ப்பவர்கள் உண்டு.

மாற வேண்டாதவையோ நிறைய. பொட்டு, பூ, பொங்கல், கோலம், குத்துவிளக்கு எதுவும் தடையில்லை. பல கோவில்களில் பொங்கல் திருப்பலியே நடக்கிறது. குடும்பத்தாரின் கல்யாணம், சடங்கு, இழவு அனைத்துக்கும் போக வேண்டும். பிற தெய்வங்களுக்கு வழிபாடு செய்வதில் மட்டும் பங்கெடுக்கக் கூடாது.

பெற்றோரிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து வீட்டார் வாயால் கேள்விப்படும் தாயின் வேதனை, நீங்கள் நேரில் சொல்லும்போது வரும் கோபத்தைவிடப் பெரிது. அவர்களுடைய பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்குக் கொள்ளி வைப்பாயா? திதி கொடுப்பாயா?" தாய் தந்தையை மதித்து நட என்பது பத்துக் கட்டளைகளில் நான்காவது என்பதையும், முன்னோருக்காகச் செபிப்பது கத்தோலிக்க வழக்கமே என்பதையும், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுதிரியுமாக ஊரே கல்லறைக்குப் போவதையும் எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். உடலை எரிப்பதற்கும் 1963 முதல் தடையில்லை. சாம்பலைத் தூவக் கூடாது என்பது மட்டும் விதி. கொள்ளி வைப்பதில் உங்கள் பங்கு எதுவரை என்பதைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இழவு வீட்டில் நின்று யோசிக்கும் நிலை வேண்டாம்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவனாவேன். சாதியிலிருந்து தப்பிக்கவே திருச்சபைக்கு வருகிறேன் என்பவர்கள், பங்குக்குள்ளும் அது இருப்பதைக் கண்டு நொந்துபோகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் சாதி வாரியாக இரு பிரிவினர் தனித்தனியே அமரும்படியே ஆலயம் கட்டப்பட்டது வரலாறு. திருச்சபை சாதியைப் பாவம் என்கிறது. திருச்சபையில் இருப்பவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுவிடவில்லை. உள்ளே வருவதற்குமுன் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

சட்டம், சான்றிதழ்

பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவர். சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியும் அதைச் சார்ந்த இட ஒதுக்கீடும் போகும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இதை மாற்றக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023-இல் தீர்மானம் நிறைவேற்றியது, சட்டம் மாறவில்லை. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே பழைய சான்றிதழைப் பயன்படுத்துவதை, புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. இது அநீதி என்பது என் கருத்து. ஆனாலும் திருமுழுக்கைப் பதிவேட்டில் மறைத்து எழுதுங்கள் என்று எந்தக் குருவிடமும் கேட்காதீர்கள். வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கில் வைத்து, வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். முடிவெடுக்க ஓராண்டு கூடுதலாக வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்தநிலையில் இருப்பவர் ஏற்கெனவே திருச்சபையோடு இணைந்தவர், அந்நிலையில் இறந்தாலும் கிறிஸ்தவ அடக்கத்துக்கு உரிமையுள்ளவர்.

இந்துத் திருமணச் சட்டப்படி, கணவனோ மனைவியோ மதம் மாறியதைக் காரணம் காட்டி மற்றவர் மணவிலக்குக் கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மதம் மாறியபின் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. பூர்விகச் சொத்து இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. இங்கே முன் அறிவிப்பு தேவையில்லை. ஆனால் உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் வேலை நிமித்தம் இருப்பவர்கள், அங்கே 60 நாளுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஞானப்பெற்றோரும் பெயரும்

ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் ஒருவர் போதும். அவர் பதினாறு வயது நிறைந்த, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற, கத்தோலிக்கராக வாழும் ஒருவராக இருக்க வேண்டும். உங்கள் சொந்தத் தாய் தந்தையாக இருக்கக் கூடாது. பணக்காரரையோ பங்குப் பேரவைப் பிரமுகரையோ தேட வேண்டாம். ஞாயிறு காலையில் நீங்கள் வராவிட்டால் ஃபோன் செய்து "என்னாச்சு?" என்று கேட்கக்கூடியவரைத் தேடுங்கள். மணம் பேசியவரையே ஞானப்பெற்றோராக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. சண்டை வந்தால் கேட்க வேறு ஆள் வேண்டும்.

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாத பெயராக இருந்தால் போதும். இருந்தாலும் புனிதர் பெயர் ஒன்றை ஏற்பது நம்மிடம் நல்ல வழக்கம், அதிலும் தமிழாக்கிக்கொள்வது நம் தனிச்சொத்து: சூசை, அருளப்பன், ஞானப்பிரகாசம், அமலோற்பவம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, போரில் சிறைப்பட்டு அந்த நாட்டுப் படையிலேயே தளபதியான, டச்சுக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறி, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது இலாசர் என்ற பெயரை ஏற்றார். அதன் பொருளைத் தமிழில் சொன்னதுதான் தேவசகாயம். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். வயது வந்தபின் திருமுழுக்குப் பெற்ற குடும்பத்தலைவர் அவர். உங்களுக்கு இவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் இல்லை.

தவக்காலமும் அந்த இரவும்

முதல் ஞாயிறன்று ஆயர் முன்னிலையிலோ அவர் சார்பாகவோ உங்கள் பெயர் வாசிக்கப்பட்டுப் பதிவு செய்யப்படும். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில், சமாரியப் பெண், பார்வை பெற்ற பிறவிக் குருடர், உயிர்பெற்ற இலாசர் ஆகிய மூன்று நற்செய்திப் பகுதிகளுக்குப்பின் உங்களுக்காகச் சிறப்பு மன்றாட்டு நடக்கும். இந்த மூன்று பகுதிகளையும் முந்தைய வாரமே வீட்டில் படியுங்கள். யோவான் நற்செய்தியின் 4, 9, 11-ஆம் அதிகாரங்கள். தாகம், இருட்டு, கல்லறை என்று உங்கள் வாழ்க்கையில் எது எங்கே இருந்தது என்று யோசிப்பதே இந்த வாரங்களின் பாடம். முன்பு திருமுழுக்குப் பெறாதவருக்கு இப்போது பாவசங்கீர்த்தனம் கிடையாது, திருமுழுக்கே எல்லாப் பாவத்தையும் கழுவுகிறது. ஆயினும் யாருடனாவது பேசாமல் இருந்தால் போய்ப் பேசிவிடுங்கள், வாங்கிய கடனைக் கொடுத்துவிடுங்கள்.

புனித சனிக்கிழமை முடிந்தவரை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நோன்பிருங்கள். இரவுக்கு வெள்ளை உடை ஒன்றும், மாற்றுவதற்கு உலர்ந்த உடை ஒன்றும், ஒரு துண்டும் பையில் இருக்கட்டும். வேட்டியோ புடவையோ சட்டையோ எதுவானாலும் சரி, கடையிலிருந்து வந்த அன்றே கட்டாமல் ஒருமுறை நனைத்து உலர்த்தி வையுங்கள். கோவில் வாசலில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, இருட்டுக்குள் "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்ற பாடலோடு உள்ளே போவார்கள். வாசகங்கள் நீளும், முழுமையாக வாசித்தால் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. நோன்பிருந்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கும்போது தலை சுற்றினால் வெட்கப்படாமல் தண்ணீர் குடியுங்கள். நற்கருணை நோன்பு தண்ணீரைத் தடுக்காது.

புனிதர்களின் மன்றாட்டுமாலை தொடங்கும்போது முன்னே அழைப்பார்கள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு "விட்டுவிடுகிறேன்" என்றும், விசுவாசக் கேள்விகளுக்கு "நம்புகிறேன்" என்றும் சொல்ல வேண்டும். உரக்கச் சொல்லுங்கள், மைக் உங்கள் அருகில் இருக்காது. தொட்டிமேல் குனியும்போது ஞானப்பெற்றோரின் கை உங்கள் தோளில் இருக்கும், மூன்று முறை தண்ணீர் விழும், கழுத்து வழியாக முதுகில் இறங்கும் தண்ணீரின் குளிர் எல்லாருக்கும் திடுக்கென்றிருக்கும். பிறகு வெள்ளை உடை, பாஸ்கா திரியில் பற்றவைத்த மெழுகுதிரி. அதே குருவே உறுதிப்பூசுதலும் தருவார். நெற்றியில் பூசும் கிறிஸ்மா எண்ணெயின் மணம் மறுநாளும் இருக்கும், துடைக்காதீர்கள். அடுத்துத் திருப்பலியில் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று குரு சொல்ல, "ஆமென்" என்று நீங்கள் சொல்வீர்கள்.

அதற்குப் பின்

அடுத்த வாரமே பங்கு அலுவலகத்துக்குப் போய், பதிவேட்டில் உங்கள் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவை எழுத்துப்பிழையின்றி உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். ஆதாரில் ஒரு விதமும் பதிவேட்டில் வேறு விதமுமாக இருப்பது, பத்து ஆண்டு கழித்துத் திருமணத்திலோ பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையிலோ வந்து நிற்கும். திருமுழுக்கு எங்கே பெற்றீர்களோ அந்தப் பங்கில்தான் மூலப்பதிவு இருக்கும். வீடு மாறினாலும் பங்கின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்திருங்கள்.

பல புதியவர்கள் காணாமல் போவது பாஸ்காவுக்கும் பெந்தெகோஸ்துக்கும் நடுவிலுள்ள ஐம்பது நாட்களில். வகுப்பு முடிந்துவிட்டது, சிஸ்டர் ஃபோன் செய்வதில்லை, ஞாயிறு காலையில் தூக்கம் நன்றாக வருகிறது. இதற்கு மருந்து உங்கள் தெருவின் அன்பியம் என்னும் சிறு குழு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள், ஒரு விவிலியப் பகுதி வாசிப்பார்கள், தேநீர் குடிப்பார்கள். முதல் கூட்டத்தில் உங்களை யாரும் பேசச் சொல்லாவிட்டாலும் இரண்டாம் கூட்டத்துக்கும் போங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது கனமான பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. அடுத்த தவக்காலம் வரை காத்திருக்காமல் முன்பே ஒருமுறை போய்விடுவது நல்லது. வாழ்க்கையில் முதல்முறை என்பதால் முழங்காலிட்டதும் எல்லாம் மறந்துபோகும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகலாம், முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். "சாமி, இதுதான் என் முதல் பாவசங்கீர்த்தனம், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கேட்டு எடுத்துக்கொள்வார்.